ஒரு கிளாவிகார்டுடன் மூன்று நாள்: மாமல்லபுரம், கடப்பாக்கம், செங்கல்பட்டு

மாமல்லபுரத்துக்கு இதற்கு முன் நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், பொரித்த மீன், திரும்பி வருதல் என்று ஒரே வரிசைதான். இந்த ஜனவரி கடைசியில் போனது அப்படிப்பட்ட பயணம் இல்லை. ஒரு சுமை வண்டியின் முன்னிருக்கையில், ஒரு இசைக்கருவிக்குத் துணையாகப் போனேன். கச்சேரிக்காக யாரும் இந்த வழியில் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனால் வழி நல்ல வழி. இரண்டு இரவு, மூன்று பகலில் கடற்கரையையும் உள்நாட்டையும் ஒரு வட்டமாகப் பார்த்துவிடலாம். அதனால் எழுதுகிறேன்.

கூப்பிட்டவள் ரூத். இருபது வருடங்களுக்கு முன் சென்னையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் நாங்கள் ஒரே அறை. நான் காப்பீட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவள் பகலில் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், மாலையில் பியானோ மாணவி. பிறகு உதவித்தொகை கிடைத்து நெதர்லாந்துக்குப் போனாள், அங்கேயே இருந்துவிட்டாள். இப்போது அவள் வாசிப்பது நாம் படங்களில் பார்க்கும் பெரிய கறுப்புப் பியானோவை அல்ல. அது வருவதற்கு முன்னால், இருநூறு முந்நூறு வருடங்களுக்கு முன் புழங்கிய விசைக்கருவிகளை, அந்தக் காலத்து முறையிலேயே வாசிக்கிறாள். ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட், மரச்சட்டம் போட்ட ஆரம்பகாலப் பியானோ. இதற்கென்று அங்கே கல்லூரி வகுப்புகளும், சின்ன அரங்குகளும், விடாமல் வந்து கேட்கும் கூட்டமும் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை மாலை மாமல்லபுரத்தில் ஒரு விருந்தினர் இல்லத்தில் கச்சேரி. ஞாயிறு மாலை அவள் வளர்ந்த செங்கல்பட்டில், அவர்கள் சர்ச்சில். நடுவே சனிக்கிழமை சும்மா. "வண்டியில எடம் இருக்கு, வரியா?" என்று கேட்டாள். விடுப்பு இருந்தது.

மதுரையிலிருந்து இரவு ரயில். தென்மாவட்டத்து ரயில்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டில் நிற்கின்றன. மாமல்லபுரம் போகிறவர்கள் தாம்பரம் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை, இங்கேயே இறங்கிவிடலாம். பேருந்து நிலையம் நடக்கும் தூரத்தில்தான். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயில் தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை.

விருந்தினர் இல்லம் மீனவர் குடியிருப்பை ஒட்டிய சந்தில் இருந்தது. நான் போனபோது ரூத் கூடத்தில் ஒரு மேசை முன் உட்கார்ந்து தந்தி முறுக்கிக்கொண்டிருந்தாள். கிளாவிகார்டை நான் பார்த்தது அன்றுதான். கால் கிடையாது. நீளமான மரப்பெட்டி, மூடினால் சேலை வைக்கும் பெட்டி என்று சொல்லிவிடலாம். உள்ளே பித்தளைத் தந்திகள். விசையை அழுத்தினால் மறுமுனையில் உள்ள சின்னப் பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு, விரலை எடுக்கும் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அழுத்திய விரலை லேசாக அசைத்தால் சுரமும் அசையும். கமகம் கேட்டுப் பழகிய நம் ஆட்களுக்குப் பிடிக்கும் விஷயம்தான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் மிகக் குறைவு. மேலே மின்விசிறி சுற்றினால் கேட்காது.

உப்புக்காற்றுதான் இதற்கு முதல் எதிரி என்றாள். அதனால் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் துண்டைத் திணித்து வைத்திருந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் வந்து கடலை வெளியே நிறுத்துவது வேடிக்கையாக இருந்தது.

வண்டியின் சொந்தக்காரரும் ஓட்டுநரும் ரூத்தின் அண்ணன் சாமுவேல். சாமு என்றால்தான் செங்கல்பட்டில் தெரியும். பகலில் வீட்டுச் சாமான், மேடைச் சாமான் ஏற்றுகிறார். கல்யாண மேடைகளில் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் அவர்தான். என்னை 'சிஸ்டர்' என்றும் ரூத்தை 'பாப்பா' என்றும் கூப்பிட்டார். பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது.

கச்சேரிக்கு முப்பது பேருக்குள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள், மீதி வெளிநாட்டுக்காரர்கள். முதல் ஐந்து நிமிடம் என் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அறையில் எல்லோரும் அசைவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கேட்டது. தூரத்து வீட்டில் யாரோ தனக்காக வாசித்துக்கொள்வதுபோல் இருந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இன்னும் கொஞ்சம் சத்தம் இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

முடிந்ததும் பெட்டியைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினோம். கயிறு கட்டிக்கொண்டே சாமு, ஞாயிற்றுக்கிழமைக்குச் சர்ச்சில் புதுப் பியானோ இறங்கிவிட்டது என்று சொன்னார். சபையார் இரண்டு வருடமாக வசூல் செய்து வாங்கியது. வசூலுக்கு அலைந்தவர் அவர்தான்.

"நீதான் அதுல மொதல்ல வாசிக்கற. பேனரு போட்டாச்சி."

ரூத் போர்வையின் ஒரு முனையை உள்ளே தள்ளிவிட்டு இறங்கினாள்.

மறுநாள் காலை ஐந்து ரதத்தை மட்டும் பார்த்தோம். நுழைவுச்சீட்டு நாற்பது ரூபாய், அதே சீட்டில் கடற்கரைக் கோயிலும் அடக்கம். ஒன்பதரை மணிக்குக் கிளம்பி ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், தெற்கே போனோம். கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரை போக்குவரத்து இருக்கும், அதற்குப் பிறகு சாலை நம்முடையது. கடப்பாக்கம் ஐம்பது கிலோமீட்டர். சாமு பள்ளம் வரும் இடத்திலெல்லாம் வண்டியை நடக்கவிட்டதால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் பாட்டுப் போடவில்லை. பின்னால் இருக்கும் பெட்டிக்கு ஆகாதோ என்று நினைத்தாராம்.

கடப்பாக்கத்தில் மீன் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில், புங்கமர நிழலில் வண்டியை நிறுத்தினோம். தந்திகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ரூத் பின்கதவைத் திறந்து, போர்வையை விலக்கி, இரண்டு மூன்று விசைகளை அழுத்தினாள். விற்பனை முடித்துக் கூடை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் வந்துவிட்டார்கள். ஒரு அம்மா தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, சத்தமே வரல. வழில ஒடஞ்சிட்ச்சா?"

உடையவில்லை, நெதர்லாந்திலிருந்து விமானத்தில் பத்திரமாகத்தான் வந்தது, இவ்வளவுதான் சத்தம் என்று ரூத் சொன்னாள். அந்த அம்மா நம்பவில்லை. இதற்காகவா விமானத்தில் தூக்கிவந்தாய் என்று கேட்டார். ரூத் சிரித்துவிட்டு ஒரு சின்னப் பகுதியை வாசித்தாள். நான்கு பெண்கள் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கேட்டார்கள். ஐந்தாவது பெண்ணுக்கு இடமில்லை, அவர் எங்களிடம் வவ்வால் மீன் வேண்டுமா என்று விசாரித்தார். முடிந்ததும் அந்த அம்மா, நன்றாக இருக்கிறது, ஆனால் திருவிழாவுக்கு உதவாது என்று சொல்லிவிட்டுப் போனார். ரூத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதுதான் சுருக்கமானது.

மதியம் மீன் சோறு. பிறகு சாமு வண்டியிலேயே படுத்துவிட, நானும் ரூத்தும் ஆட்டோ பிடித்து ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து நிற்கும் கோட்டை. கட்டணம் இல்லை, காவல் இல்லை, நிழலும் இல்லை. சுவரின் மறுபக்கம் கழிமுகம், அதற்கப்பால் மணல்திட்டு, அப்புறம் கடல். திட்டுக்குப் போய்வரப் படகுக்காரர் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டார். நாங்கள் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்தோம், அப்போதுதான் ரூத் சொன்னாள்.

நெதர்லாந்து போன மூன்றாம் வருடம் அவள் வலது கையில் நான்காவது விரலும் சுண்டு விரலும் பியானோவில் வைத்ததும் தானாக மடங்க ஆரம்பித்தன. வலி இல்லை. சாப்பிட, எழுத, துணி துவைக்க எதற்கும் தடையில்லை. பியானோவில் மட்டும் மடங்கின. கையில் கோளாறு இல்லை, மூளை அந்த விரல்களுக்கு அனுப்பும் உத்தரவு குழம்பிவிட்டது என்றார் மருத்துவர். வருடக்கணக்காக ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு வருமாம். இறுதித் தேர்வுக்கு அவள் போகவில்லை. விசா இருந்த வரைக்கும் பழைய கருவிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் தூசு தட்டும் வேலை பார்த்தாள். அங்கே ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்த கிளாவிகார்டில் கை பட்டது. அதன் விசை பெரிய பியானோ விசையில் பாதிகூட இறங்காது, கனமும் இல்லை. விரல்கள் மடங்கவில்லை.

"பயந்துட்டேன்" என்றாள். "நல்லது நடந்தா அப்படித்தான் பயம் வருது. ஒரு வாரம் திரும்ப அத தொடவே இல்ல."

பிறகு முதலிலிருந்து படித்தாள். விரல் வைக்கும் முறை, கை வைக்கும் முறை, எல்லாமே வேறு. அவளைவிடப் பத்து வயது குறைந்தவர்களோடு வகுப்பில் உட்கார்ந்தாள். முதல் கச்சேரி வருவதற்கு ஆறு வருடம் ஆனது. இப்போது அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியும். பெரிய பியானோவை ரசனையால் விட்டுவிட்டாள் என்றுதான் அங்கேயும் நினைக்கிறார்கள். வீட்டில் எதுவுமே சொல்லவில்லை.

ஏன் என்று கேட்டேன். சிறுவயதில் இருவரும் சேர்ந்துதான் சர்ச்சில் வாசிக்கக் கற்றார்கள், சேர்ந்துதான் தேர்வு எழுதினார்கள். சாமுவுக்குத்தான் மதிப்பெண் அதிகம். சென்னையில் ஒரு ஆசிரியை இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்றார், பெண்ணை அனுப்பினால் விடுதியில் இடமும் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார். அவர்கள் அப்பா கருங்குழியில் பிறர் வயலில் கூலி வேலை செய்து வளர்ந்து, பின்னால் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்கு வந்தவர். ஒருவரைத்தான் அனுப்ப முடிந்தது. இவள் போனாள். சாமு ஓட்டுநர் உரிமம் எடுத்தார்.

"அண்ணன் விட்டுக்குடுத்தது என் கையில மடங்கிப்போச்சு. அத எப்படிச் சொல்றது?"

 ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றேன்.

கடப்பாக்கத்திலிருந்து செய்யூர் வழியாக மதுராந்தகம் நாற்பது கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்கள், ஏரிகளில் தண்ணீர். மதுராந்தகத்துக்கு அப்பால் சென்னை நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலையில் ஏறியதும் லாரிகள். கருங்குழி வரும்போது ரூத், ஞாயிற்றுக்கிழமை பியானோ வாசிக்க மாட்டேன் என்று சொன்னாள். பழக்கம் விட்டுப்போயிருக்கும், நாளைக் காலையில் வந்து தட்டிப்பார் என்றார் சாமு.

"பழக்கம் இல்லண்ணே. வெரலு வரல."

அவர் கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போயிருக்கலாம், ஆனால் அதற்கு இருவரில் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டும்.

"எந்த வெரலு?"

ரூத் எனக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டினாள். அவர் அந்த இரண்டு விரல்களையும் பிடித்துப் பார்த்தார், வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்காது என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னாள்.

"அப்பா சாவுக்கு வந்தியே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"ஊருக்கெல்லாம் எந்தங்கச்சி பெரிய பியானோ வாசிக்கறான்னு சொல்லிகினு கீறேன். என்கிட்ட இன்னாத்துக்கு சொல்லல?"

அவர் விட்டுக்கொடுத்தது வீணாகிவிட்டது என்று நினைப்பாரோ என்று பயந்ததாக ரூத் சொன்னாள்.

"நா எதயும் வுட்டுக்குடுக்கல, பாப்பா. அப்பா உன்ன அனுப்பிச்சாரு, நா இருந்துட்டேன். அத ஏன் நீ இத்தினி வருசமா தூக்கினு திரியற?"

அவர் குரலில் ஆறுதல் இல்லை. கோபம்தான் இருந்தது. வண்டியைக் கிளப்பினார். படாளம், மாமண்டூர், பாலாற்றுப் பாலம் என்று செங்கல்பட்டு வரை இருபத்திரண்டு கிலோமீட்டர்.  கொளவாய் ஏரியில் மாலை வெயில் விழுந்திருந்தது, வழக்கமாக இதற்கு ஒரு பத்தி எழுதுவேன். எங்களை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்த விடுதியில் இறக்கிவிட்டு, பெட்டியைக் கவனமாக அறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஆராதனைக்கு ரூத் போனாள். சாமு கீபோர்டு வாசித்தாராம், அவளிடம் பேசவில்லையாம். நாலு மணிக்கு வண்டியோடு வந்து எங்களையும் பெட்டியையும் சர்ச்சுக்குக் கொண்டுபோனார். போனதும் நேராகச் சபைச் செயலாளரைப் பார்த்து, ரூத் பியானோ வாசிக்க மாட்டாள், அந்தப் பெட்டியை மட்டும்தான் வாசிப்பாள் என்று சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. செயலாளர் ரூத்திடம் வந்தார். வாசலில் உள்ள பேனரைக் காட்டினார். பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், மெதுவாக ஒரே ஒரு கீர்த்தனை போதும் என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர், நெருக்கடியில் இருந்தார்.

நானே சபையில் சொல்லிவிடுகிறேன் என்றாள் ரூத்.

ஐந்தரைக்கு ஜெபம் முடிந்ததும் ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். பெஞ்சுகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. அவள் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

"என் வலது கையில ரெண்டு விரல் பெரிய பியானோவில வேலை செய்யாது. ரொம்ப வருஷமா அப்படித்தான். அதனால புதுப் பியானோவ நான் வாசிக்கல. எங்க அண்ணன் வாசிப்பார். பரீட்சையில எப்பவும் என்னைவிட அவருக்குத்தான் மார்க்கு."

இதை அவள் சாமுவிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஓரத்தில் கீபோர்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையசைத்தார். சாமு கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு பியானோ முன் வந்து உட்கார்ந்தார்.

தொடக்கத்தில் கல்யாண மேடை போலத்தான் இருந்தது. கனமான தாளம், வேண்டியதைவிடக் கூடுதல் சத்தம். இரண்டாம் சரணத்தில் சபை பாட ஆரம்பித்ததும் கை இறங்கிவந்தது. மூன்றாம் சரணத்தை மெதுவாக, நடுவில் புதுசாக ஒரு திருப்பம் போட்டு வாசித்தார். பாடிக்கொண்டிருந்தவர்கள் தடுமாறிப் பிறகு பிடித்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் முதல் பெஞ்சில் இருந்த ரூத் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது வெரல் எவ்ளோ சுத்தமா விழுது பாரு" என்றாள். பொறாமைதான். மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கிளாவிகார்ட். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னாள், ஒலிபெருக்கி வேண்டாம் என்றாள், எல்லோரையும் முன்னால் வரச் சொன்னாள். கல்யாண வரவேற்பு ஒன்றுக்குப் போக வேண்டியவர்கள் எழுந்து போனார்கள். மீதிப்பேர் நாற்காலிகளை இழுத்துக்கொண்டும் தரையிலும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேர்த்தது. நடுவில் ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது, அவள் கையை எடுத்துக் காத்திருந்துவிட்டு அந்தப் பகுதியை மறுபடி தொடங்கினாள். முக்கால் மணி நேரம். சாமு தூணில் சாய்ந்து கடைசி வரை நின்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். இந்த வட்டம் மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், சொந்த வண்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புதுச்சேரி பேருந்துகளில் ஈசிஆர் வழியாகப் போவதைப் பார்த்து ஏறுங்கள், கடப்பாக்கத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆலம்பரைக்குக் காலை பத்து மணிக்குள் போவது நல்லது. நாங்கள் மதியம் போய் வதங்கினோம். தண்ணீர், தொப்பி எடுத்துச்செல்லுங்கள். அங்கே கழிப்பறை கிடையாது. மாமல்லபுரத்தில் சனி ஞாயிறு அறை வாடகை ஏறும், செங்கல்பட்டில் ரயில் நிலையத்தைச் சுற்றி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது. டிசம்பர் மழை முடிந்து மார்ச் வெயில் வருவதற்குள் போய்விடுங்கள். வழியில் திருவிடந்தைப் பெருமாளையும் பார்க்க விரும்புகிறவர்கள் மாமல்லபுரத்துக்கு வடக்கே பதினேழு கிலோமீட்டர் போய்வர வேண்டும், எங்களுக்கு நேரமில்லை.

எங்காவது கிளாவிகார்ட் கச்சேரி என்று கேள்விப்பட்டால் போங்கள், கருவியை ஒட்டி உட்காருங்கள். அன்று கூட்டம் கலைந்த பிறகு என் பையை எடுக்கச் சர்ச்சுக்குள் திரும்பிப் போனேன். பின்வாசல் கதவருகில் நின்றேன். அந்தப் பக்கம் விளக்கை அணைத்திருந்தார்கள், மின்விசிறிகளைத் திரும்பப் போட்டுவிட்டிருந்தார்கள். சாமு கிளாவிகார்டின் முன் உட்கார்ந்திருந்தார், ரூத் பக்கத்தில் நின்றாள். அவர் ஓங்கி அழுத்தியிருக்க வேண்டும், அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்திவிட்டாள். அவர் மறுபடி வைத்தார். அவள் குனிந்து காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் அவரும் குனிந்தார். இருவர் தலையும் தந்திகளுக்கு மேல் ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. அவர் கைகள் நகர்வதை முழுதாகப் பார்த்தேன். நான் நின்ற இடத்துக்கு ஒரு சுரமும் வந்து சேரவில்லை. அவர் என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. பையை எடுக்காமல் வெளியே வந்து வண்டியருகில் காத்திருந்தேன்.